ஒரே பெட்டி, வெவ்வேறு கட்டணம்

சென்ற புரட்டாசி மாதத்து இரவொன்றில், திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெல்லை எக்ஸ்பிரஸின் ஸ்லீப்பர் பெட்டியில், இட்லிப் பொட்டலங்களைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் அறியாத நாங்கள் மூவர் பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு மழையிலிருந்து விலைவாசிக்கும், விலைவாசியிலிருந்து டிக்கெட் கட்டணத்துக்குமாக வந்து சேர்ந்தது. நான் என் டிக்கெட்டை இரண்டு மாதங்களுக்கு முன்பே சாதாரணக் கட்டணத்தில் எடுத்திருந்தேன். எதிர்ப் பெர்த்தில் இருந்த கல்லூரி மாணவர் ‘பிரீமியம் தத்கல்’ என்னும் பிரிவில் எடுத்தபடியால் நான் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் செலுத்தியிருந்தார். ஜன்னலோரம் அமர்ந்திருந்த மூதாட்டியோ, தத்கல் கட்டணம் போதாதென்று, டிக்கெட் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும் தனியாக 300 ரூபாய் தந்திருந்தார்.

“கடைக்காரத் தம்பி கேட்டதக் கொடுத்துட்டேன். நமக்கு என்ன தெரியும், சொல்லுங்க?” என்றார் அவர். அந்தக் குரலில் புகார் சிறிதும் இல்லை. புகார் சொல்வதற்குரிய விஷயம் அது என்கிற எண்ணமே அவருக்கு உதிக்கவில்லை. ஒரே ரயில், ஒரே பெட்டி, ஒரே விதமான நீலப் பலகை, ஒரே காற்று. ஆனால் மூவரிடமும் மூன்று விதமான தொகை வசூலாகியிருந்தது. அதிலும், மூவரில் வசதி குறைந்தவர் தாம் இழந்தது இன்னதென்றே அறியாமல் இழந்திருந்தார் என்பது அன்றிரவு முழுவதும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்த காரணம் அதுவே.

மலிவான டிக்கெட்டைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும், விமான டிக்கெட்டைத் தேடுவதுபோல, இந்த வலைத்தளத்தில் என்ன விலை, அந்தச் செயலியில் என்ன விலை என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துப் பொழுதைக் கழிக்கிறார்கள். நம் நாட்டு ரயில் விஷயத்தில் அந்தப் பிரயாசை வீண். எந்தத் தளத்தின் வழியாக எடுத்தாலும் டிக்கெட் பிறப்பது ரயில்வேயின் முன்பதிவுக் கணினியில்தான். அங்கே நிச்சயிக்கப்பட்ட கட்டணத்தை ஒரு ரூபாய் குறைக்கவும் எவருக்கும் அதிகாரமில்லை. தளத்துக்குத் தளம் மாறுபடுவதெல்லாம் அந்தக் கட்டணத்தின் தலைமேல் ஏற்றப்படும் சேவைக் கூலிதான். ஆகையால் மலிவு என்பது இங்கே கடையில் இல்லை, விதியில் இருக்கிறது. அந்த விதிகளோ அரசாங்கம் அச்சிட்டு வெளியிட்டவை, சகலருக்கும் பொதுவானவை. அவற்றை அறிந்தவர் குறைவாகக் கொடுக்கிறார். அறியாதவர் அந்த அறியாமைக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னாட்டின் முதல் ரயில் ஓடிய காலந்தொட்டு, டிக்கெட் என்பது ஜன்னலுக்கு முன்னே வரிசையில் நின்று வாங்கும் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. 2002 ஆகஸ்டு மாதத்தில் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையத்தின் வழி முன்பதிவைத் தொடங்கியபோதுகூட, அச்சிட்ட டிக்கெட்டைக் கூரியர்க்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதே முறையாக இருந்தது. கைபேசியில் வந்த செய்தியையே காட்டிப் பிரயாணம் செய்யும் சௌகரியம் அதற்குப் பின்னர் வந்தது. வரிசை மறைந்தது நல்லதே. ஆனால் வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அனுபவ ஞானமும் அதனுடன் சேர்ந்து மறைந்துபோயிற்று என்பது என் அபிப்பிராயம்.

கட்டணம் எவ்வாறு உருவாகிறதென்பதைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். தூரத்தையும் வகுப்பையும் ஒட்டி அமைவது அடிப்படைக் கட்டணம். அதன்மேல் முன்பதிவுக் கட்டணம்: பகல் நேர இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 15 ரூபாய், ஸ்லீப்பருக்கு 20, மூன்றடுக்கு ஏ.சி.க்கு 40. ரயில் ‘சூப்பர்பாஸ்ட்’ வகையைச் சேர்ந்ததானால் ஸ்லீப்பருக்கு மேலும் 30 ரூபாயும், மூன்றடுக்கு ஏ.சி.க்கு 45 ரூபாயும் சேரும். ஏ.சி. வகுப்புகளுக்கு 5 சதவீத வரியும் உண்டு. மணிக்கு 55 கி.மீ. சராசரி வேகம் கொண்டதாகக் கணக்கிடப்பட்டாலே ஒரு ரயில் சூப்பர்பாஸ்ட் ஆகிவிடுகிறது. ஆகவே ஒரே ஊருக்கு ஒரே இரவில் இரண்டு ரயில்கள் செல்லுமானால், அரைமணி நேரம் தாமதமாகச் சேரும் சாதாரண எக்ஸ்பிரஸில் ஒரு குடும்பத்துக்குக் கணிசமான தொகை மிஞ்சும்.

இந்த அடிப்படைக் கட்டணத்தில் அடங்கியிருக்கும் ஒரு தத்துவம் நம் ஜனங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாதது; தெரிந்தால் மிகவும் பயன்படக்கூடியது. தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்னும் விகிதம் குறைந்துகொண்டே போகும். தொலைநோக்குக் கருவியின் குழல்கள் ஒன்றினுள் ஒன்று செருகிச் சிறுத்துச் செல்வதுபோல இருப்பதால் ரயில்வேக்காரர்கள் இதை ‘டெலஸ்கோப்பிக்’ கட்டணம் என்பார்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குக் கொடுக்கும் விலையைப் பதினைந்தாவது நூறுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. இதன் பலனாக, நெடுந்தூரப் பிரயாணத்தை இரண்டு டிக்கெட்டுகளாகத் துண்டாடுகிறவர், இரண்டாவது டிக்கெட்டில் மறுபடியும் முதல் கிலோமீட்டரின் உயர்ந்த விகிதத்திலிருந்து ஆரம்பிக்கிறார். முன்பதிவுக் கட்டணத்தையும் சூப்பர்பாஸ்ட் கட்டணத்தையும் இருமுறை கொடுக்கிறார். மதுரையிலிருந்து காசிக்குப் போகிறவர் சென்னை வரை ஒன்று, சென்னையிலிருந்து ஒன்று என இரண்டு டிக்கெட் எடுப்பதைவிட, கன்னியாகுமரியிலிருந்து மதுரை வழியாக பனாரஸ் வரை வாரம் ஒருமுறை செல்லும் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸில் ஒரே டிக்கெட்டாக எடுப்பது செலவிலும் குறைவு, சுமை தூக்கி அலையும் சிரமத்திலும் குறைவு. லண்டனில் இருக்கும் உறவினர், “நாங்கள் இங்கே ஒரே பயணத்தை இரண்டு மூன்று டிக்கெட்டாகப் பிரித்து எடுத்துப் பணத்தை மிச்சம் பிடிக்கிறோம்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்நாட்டின் கட்டணங்கள் வேறு முறையில் வகுக்கப்பட்டவை ஆகையால் அங்கே அது உண்மை. அந்த உபாயத்தை இங்கே கையாண்டால் நஷ்டமே மிஞ்சும்.

இதே தத்துவத்தின் இன்னொரு கனிதான் சுற்றுப்பயண டிக்கெட். புறப்பட்ட ஊருக்கே திரும்பி வந்து சேரும்படி பல ஊர்களைச் சுற்றிவரும் யாத்திரிகர்களுக்கு, எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கிச் செல்ல இடங்கொடுத்து, மொத்தத் தூரத்தையும் சரிபாதியாக்கி, அந்தப் பாதித் தூரத்துக்குரிய இரண்டு டிக்கெட்டுகளின் விலையை மட்டும் ரயில்வே வாங்கிக்கொள்கிறது. ஊருக்கு ஊர் தனித்தனியாக டிக்கெட் எடுத்துச் சுற்றுகிறவர் கொடுப்பதோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். கைபேசியில் எவ்வளவு தேடினாலும் இந்த டிக்கெட் அகப்படாது. செல்லும் வழியைத் தாளில் எழுதிக்கொண்டு ரயில் நிலையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதுபோலவே, 500 கி.மீ.க்கு மேற்பட்ட தூரத்துக்கு ஒரே டிக்கெட் எடுத்தவர், அந்த 500 கி.மீ.யைக் கடந்தபின் வழியில் ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டுப் பிரயாணத்தைத் தொடரலாம் என்ற பழைய விதியும் உண்டு, 1000 கி.மீ.க்கு மேல் என்றால் இருமுறை இறங்கலாம். ராஜதானி போன்ற ரயில்களுக்கு இது பொருந்தாது. இதையும் கௌண்டரில் கேட்டுப் பெறுவதே உசிதம். மலிவைத் தேடி இணையத்துக்கு வந்தவரை நிலையத்தின் ஜன்னலுக்குத் திருப்பி அனுப்புவது விசித்திரமாகத் தோன்றலாம்; ஆயினும் உண்மை அதுதான். சாதாரண டிக்கெட்டுக்குக்கூட கௌண்டரில் சேவைக் கூலி என்று ஒன்று கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குறைந்த தூரத்தில் வேறொரு கணக்கு இருக்கிறது. ஸ்லீப்பர் வகுப்பில் எவ்வளவு அருகில் இறங்கினாலும் 200 கி.மீ.க்குரிய கட்டணத்தைக் கொடுத்தாக வேண்டும். விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 160 கி.மீ.; அதற்கு ஸ்லீப்பர் எடுப்பவர், தாம் பயணம் செய்யாத 40 கி.மீ.க்கும் காசு கொடுக்கிறார். பகலில் போக முடிந்தவர்கள் இரண்டாம் வகுப்பு இருக்கையை நாடுவது நலம். 1977-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ், சென்னைக்கும் மதுரைக்கும் இடையே இந்த வகுப்பில் எத்தனையோ தலைமுறை மாணவர்களையும் சிறு வியாபாரிகளையும் சுமந்திருக்கிறது. அதன் கட்டணம் இரவு ஸ்லீப்பரைவிடப் பெருமளவு குறைவு. ஏ.சி. வேண்டுமென்பவர்கள், 2021-இல் அறிமுகமான ‘மூன்றடுக்கு எகானமி’ என்னும் வகுப்பு அந்த ரயிலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெர்த்துகள் சற்று நெருக்கமானவை என்பதொழிய வேறு குறை அதில் இல்லை. கட்டணம் வழக்கமான மூன்றடுக்கைவிடக் குறைவு. பண்டிகைக் காலத்தில் விடப்படும் சிறப்பு ரயில்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அவற்றில் பல, தத்கலுக்கு ஒப்பான கூடுதல் கட்டணத்தில் ஓடுபவை. இடம் கிடைத்த மகிழ்ச்சியில் தொகையைக் கவனியாமல் விடக்கூடாது.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பதிவு 120 நாட்களுக்கு முன் திறந்துவந்த ஏற்பாட்டை மாற்றி, 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 60 நாட்களாக்கிவிட்டார்கள். காலை 8 மணிக்குத் திறக்கிறது. திறக்கும் நாளில் இணைய முன்பதிவு ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டிருப்பதால், அந்தச் சரிபார்ப்பை முன்கூட்டியே செய்துவைப்பது அவசியம். நாட்களை எண்ணும்போது பலர் ஓர் இடத்தில் தவறிவிடுகிறார்கள். கணக்கு, ரயில் தான் புறப்படும் நிலையத்தைவிட்டுக் கிளம்பும் தேதியிலிருந்து தொடங்குகிறதே தவிர, நாம் ஏறும் தேதியிலிருந்தன்று. எழும்பூரிலிருந்து முன்னிரவில் புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸில் திருச்சியில் பின்னிரவில் ஏறுகிறவருக்குத் தேதி ஒன்று கூடிவிடுகிறது. அவர் தம் தேதியை வைத்து எண்ணினால், ஒரு நாள் பிந்திப்போய் வெயிட்டிங் லிஸ்டைத்தான் காண்பார்.

சாதாரண எக்ஸ்பிரஸ்களில் முதல் டிக்கெட்டுக்கும் கடைசி டிக்கெட்டுக்கும் விலை ஒன்றே. பிந்துவதால் விலை ஏறுவதில்லை. இடம் தீர்ந்துபோகிறது, அவ்வளவே. ஆனால் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பர் முதல் வேறு முறை வந்தது: பத்தில் ஒரு பங்கு இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும், அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு மேலும் 10, இப்படி ஒரு வரம்பு வரை. அங்கே முந்தியவருக்குத்தான் மலிவு.

சாதாரண இடம் தீர்ந்தபின் வருவது தத்கல். ரயில் புறப்படும் நாளுக்கு முதல்நாள் காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்கும், 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் திறக்கும். ஸ்லீப்பருக்கு அடிப்படைக் கட்டணத்தில் 30 சதவீதம் கூடுதல். அது 100 ரூபாய்க்குக் குறையாது, 200-க்கு மேல் போகாது. இந்த மேல்வரம்பைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள், ஏனெனில் பிரீமியம் தத்கலுக்கு இந்த வரம்பு பொருந்தாது. கேட்போர் பெருகப் பெருக அதன் விலை ஏறிக்கொண்டே போகும். இரண்டிலும், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. இரண்டும் ஒரே நேரத்தில் திறப்பதாலும், திரையில் அடுத்தடுத்து நிற்பதாலும், அவசரத்தில் விரல் தவறினால் போதும். எதிர்ப் பெர்த்து மாணவருக்கு நேர்ந்தது அதுவே. பணம் பிடிக்கப்பட்ட பிறகே அவர் தொகையைப் பார்த்தாராம்.

கடைசி நேரத்தில் கிடைக்கும் மலிவு ஒன்றும் உண்டு. பிரயாணிகளின் பட்டியலாகிய சார்ட் தயாரான பிறகும் இடம் மிஞ்சியிருந்தால், அது ‘கரண்ட் புக்கிங்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதற்கு அடிப்படைக் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி தரும் ஏற்பாடு 2017 ஜனவரியில் எல்லா முன்பதிவு ரயில்களுக்கும் வந்தது. திடீரென்று புறப்பட நேர்ந்த தனி ஆள் இதை முயன்று பார்க்கலாம். குழந்தை குட்டிகளோடு போகிறவர் இதை நம்பி இருத்தல் தகாது.

சேவைக் கூலியின் கணக்குக்கு வருகிறேன். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் யு.பி.ஐ. மூலம் செலுத்தினால் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு 10 ரூபாயும் ஏ.சி.க்கு 20 ரூபாயும், வேறு வழிகளில் செலுத்தினால் முறையே 15-ம் 30-ம், வரியுடன் பிடிக்கிறார்கள். இது டிக்கெட்டுக்குத்தானே ஒழிய ஆளுக்கு அன்று. ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை அடங்குவர், தத்கலில் நால்வர். குடும்பத்தாரைத் தனித்தனி டிக்கெட்டில் போடுவது வீண் செலவு. இடைத்தளங்கள் தம் கூலியை இதற்குமேல் சேர்க்கின்றன. ‘ரத்து செய்தால் முழுப்பணம்’ என்பது போன்ற கட்டங்கள் சில சமயம் நாம் தொடாமலே தேர்வாகியிருக்கும். பிரயாணக் காப்பீடு ஒரு ரூபாய்க்கும் குறைவு. அதை மட்டும் நீக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன். வந்தே பாரத், ராஜதானி முதலியவற்றில் உணவு வேண்டாமென்று குறித்தால் உணவுக்குரிய தொகை கழியும்.

அங்கீகாரம் பெற்ற முகவர், ஸ்லீப்பர் டிக்கெட்டுக்குத் தம் கூலியாக 20 ரூபாயும் ஏ.சி.க்கு 40 ரூபாயும் பெறவே ரயில்வே அனுமதித்திருக்கிறது. சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்துப் பிறருக்கு விற்று வியாபாரம் செய்வதோ, ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மூதாட்டி கொடுத்த 300 ரூபாயை இந்த 20 ரூபாயின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊருக்குப் போகும் அவசரத்தில் இருக்கும் எழுதப்படிக்கத் தெரியாத ஒரு தாயிடம், கணினியின் முன் உட்கார்ந்த ஒரே காரணத்தினால் ஒருவர் பதினைந்து பங்கு வாங்குவது அநியாயம் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். தத்கல் திறந்த முதல் அரைமணி நேரம் முகவர்கள் நுழையக்கூடாதென்றும், ஆதார் சரிபார்ப்பு வேண்டுமென்றும் 2025 ஜூலையில் வந்த விதிகளை ஆகையால் வரவேற்கிறேன்.

சலுகைகளில், முதியோர் கட்டணக் குறைப்பு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அறுபது கடந்த ஆண்களுக்கு 40 சதவீதமும், ஐம்பத்தெட்டு கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்தது அது. அதை மீண்டும் தர வேண்டுமென்பது என் கோரிக்கையும்தான். கீழ்ப் பெர்த்துக்கான ஒதுக்கீடு மட்டும் எஞ்சியிருக்கிறது: அறுபது வயது ஆண்களும் நாற்பத்தைந்து வயது பெண்களும் தனியாகவோ இருவராகவோ செல்லும்போது கேட்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை, பெர்த் வேண்டாமென்று குறித்தால் பாதிக் கட்டணம். ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது நோயாளிகளுக்கான சலுகையைத்தான். சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்குச் செல்பவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனை, ரயில்வே வகுத்த படிவத்தில் தரும் சான்றிதழைக் கௌண்டரில் காட்ட வேண்டும். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனைக்கும், காட்பாடியில் இறங்கி வேலூருக்கும் மாதந்தோறும் வந்துபோகும் ஏழைக் குடும்பங்களில் எத்தனை பேர் இதை அறியாமல் கடன் வாங்கி டிக்கெட் எடுக்கிறார்களோ! இதைப் படிப்பவர் தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குச் சொன்னாலும் போதும்.

அன்றிரவு விளக்கை அணைப்பதற்கு முன் மூதாட்டி, பேத்திக்குக் காதுகுத்து வைத்திருப்பதாகவும், அதற்காக ஜனவரி 24-ஆம் தேதி மறுபடியும் இதே ரயிலில் சென்னைக்கு வர வேண்டுமென்றும் சொன்னார். விரல்விட்டு எண்ணி, “நவம்பர் 25-ஆம் தேதி காலையில் எட்டு மணிக்குத் திறக்கும், அம்மா. நீங்களே ஸ்டேஷன் கௌண்டருக்குப் போனால் கூலியே கிடையாது. போக முடியாவிட்டால் வீட்டில் படித்த பிள்ளை யாராவது போனில் எடுக்கலாம்” என்றேன்.

“பக்கத்து வீட்டுப் பிள்ள காலேசுல படிக்கா. அவகிட்ட சொல்லுதேன். இதுல எழுதிக் குடுங்க தம்பி” என்று தம் டிக்கெட் தாளைத் திருப்பி நீட்டினார். தேதியையும் மணியையும், ரயிலின் எண் 12632 என்பதையும், சாதாரண ஒதுக்கீடு என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்து, நாடாவை இரண்டு முறை இழுத்துக் கட்டிவிட்டு, அவர் ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்தார்.